பஞ்சுக்குச்சி எண் 386

2060 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடையின் மாடியில், எட்டுப் பேர் ஓர் அழுக்குப் பஞ்சுக்குச்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கொடுத்தார்கள்.

காது குடையும் பஞ்சுக்குச்சிதான். ஆனால் அது துடைத்தது காதை அல்ல. 1990களில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம் பெட்டிகளுக்கு, ஒவ்வொரு விளையாட்டும் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தனியாக வரும். அடியில் பொன்முலாம் பூசிய தகடுகள் வரிசையாக இருக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக் கேசட் என்றார்கள். பெட்டியின் வாயில் செருகினால் ஆட்டம் வரும். வராவிட்டால் கேசட்டை உருவி, அடிப்பக்கத்தில் பலமாக ஊதி, மறுபடி செருகுவார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதைச் செய்தார்கள். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அது தவறு. ஊதினால் தூசி போகாது. வாயின் ஈரம் தகட்டில் படிந்து கறுக்கும். இரண்டாம் முறை ஆட்டம் வந்தது ஊதியதால் அல்ல, இரண்டாம் முறை செருகியதால்.

அதனால் மாடியில் கூடியவர்கள் தங்கள் குழுவுக்கு ஊதாதோர் சங்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் 'ஊதாதே' என்று எழுதியிருந்தது. கீழே கடை நடத்தும் சேவியோ மோத்தாதான் சங்கத்தின் செயலாளர். வயது முப்பது. எங்கெங்கோ தேடிச் சேர்த்த 386 கேசட்டுகள் அவரிடம் இருந்தன. ஞாயிறுதோறும் ஒன்றை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைப்பார்கள். துடைத்த குச்சியைத் தூக்கி எறிவதில்லை. அழுக்குக்கு மதிப்பெண் போட்டு, சிறிய கண்ணாடித்தாள் உறையில் இட்டு, ஒரு பைண்டரில் ஒட்டி, எண்ணும் தேதியும் எழுதுவார்கள். பிறருக்கு இது அருவருப்பாக இருக்கலாம். அவர்களுக்கு அதுதான் வாரத்தின் சிறந்த அரைமணி நேரம்.

"பத்தே குடுக்கலாம்வே," என்றார் ரொட்ரிகோ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

"பத்து குடுத்துட்டு, அடுத்த வாரம் இதவிட கேவலமா ஒண்ணு வந்தா என்ன செய்வ?" என்றார் சேவியோ.

ஒன்பது என்று முடிவானது. எண் 386.

அந்தக் கேசட் சாதாரணமானதல்ல. மேலே அச்சிட்ட படம் கிடையாது. நீல மையில் ஒரு சிப்பி வரைந்திருந்தது, அவ்வளவுதான். பெஸ்கி வாஸ் என்ற 76 வயதுக்காரர் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து சங்கத்துக்குக் கொடுத்தார். அவருடைய தகப்பனார் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். தைவான் துறைமுகம் ஒன்றில் ஆட்டம் எழுதும் ஒருவரோடு பழக்கமாகி, எங்கள் ஊரில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலுக்குள் குதித்து முத்தெடுப்பார்கள் என்று கதை சொல்லியிருக்கிறார். அடுத்த பயணத்தில் அந்த ஆள் முத்துக்குளிக்கும் ஆட்டம் ஒன்றை எழுதி வைத்திருந்தார். ஒரே பிரதி. 1993இல் அது தூத்துக்குடிக்கு வந்தது.

"அத முடிச்ச ஒரே ஆளு நாந்தான்," என்று பெஸ்கி டப்பாவைக் கொடுக்கும்போது சொன்னார். இதை அவர் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

துடைத்ததும் கேசட் ஓடியது. சங்கத்தார் எட்டுப் பேரும் முறை வைத்து ஆடினார்கள். ஒருவராலும் மூன்றாவது மட்டத்தைத் தாண்ட முடியவில்லை.

பொங்கல் முடிந்த செவ்வாய்க்கிழமை, மதுரையிலிருந்து ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். பெயர் டாக்டர் சண்முகக்கனி. சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அரசு ஆய்வகம் ஒன்றில் வாய்க்கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். ஒரு மக்ரூன் வாங்கிக் கடித்தார். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்தக் கூம்பு வாயில் கரைந்தது. விழுங்கிவிட்டு, எதற்கோ காத்திருப்பவர்போல் சற்று நின்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

சேவியோ அந்தத் தலையாட்டலைப் பத்து வருடமாகப் பார்த்து வருகிறார். வயதான வாடிக்கையாளர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எல்லாம் சரிதான், ஆனால் பழைய ருசி இல்லை என்பார்கள். என்ன இல்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்காக அவர் மூன்று அடுப்பு மாற்றியிருந்தார். பண்ருட்டி முந்திரியைவிட்டுக் கொல்லத்து முந்திரிக்குப் போய், மறுபடி பண்ருட்டிக்கே வந்திருந்தார்.

"ஒங்க கிட்ட பழைய கேசட் முந்நூறுக்கு மேல இருக்காமே?" என்றார் டாக்டர்.

"முந்நூத்தி எம்பத்தாறு."

"அதுல தொடைக்காதது எத்தன?"

சேவியோவுக்கு இது அவமானமாகப் பட்டது. "ஒண்ணுகூட இல்ல மேடம். எல்லாம் பளபளன்னு இருக்கும். மாடிக்கு வந்து பாருங்க."

டாக்டர் அருகிலிருந்த சர்க்கரை மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுகூட இல்லியா?"

"சத்தியமா இல்ல."

"பதினோரு வருஷமா தேடுதேன் தம்பி. நீங்க தொடைச்சு எறிஞ்சதத்தான் தேடுதேன்."

சேவியோ ஒன்றும் புரியாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்க பொறந்த வருஷம் என்ன?"

"ரெண்டாயிரத்து முப்பது."

"அப்ப நீங்க எதையுமே முழுசா ருசிச்சதில்ல."

"என்ன மேடம், மக்ரூன் போடுதவன் கிட்ட வந்து இப்படிச் சொல்லுதிய!"

"கோவப்படாதிய. நீங்க மட்டுமில்ல. பல்சொட்டு எப்ப வந்துச்சு? இருபத்தொம்பதுல. ஊர்ல எல்லாருக்கும் நாக்குல ஒரு சொட்டு. அதோட சொத்தைப் பல்லு ஒழிஞ்சுது. அதுல எனக்கு வருத்தமே இல்ல. எங்கம்மை கன்னத்துல கிராம்ப அடக்கிக்கிட்டு அழுதத நான் பாத்திருக்கேன். ஆனா அந்தச் சொட்டு சொத்தைக் கிருமியோட சேத்து இன்னொன்னையும் கொன்னுட்டு. நாங்க அத நாப்பத்தேழுன்னு சொல்லுவோம்."

"பேரே நாப்பத்தேழா?"

"பேர் வைக்கிறதுக்குள்ள செத்துட்டு."

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் தொடர்ந்தார். "மெல்லும்போது தெரியுறது ஒரு ருசி. அது நாக்கோட வேல. முழுங்கின பிறவு ஒரு வாசம் தொண்டைலேர்ந்து மேல ஏறி வரும், கொஞ்ச நேரம் நிக்கும். அது நாக்கோட வேல இல்ல. முந்திரியோ வெங்காயமோ காப்பியோ, எல்லாத்துலயும் ஒரு வாசம் பூட்டிக் கெடக்கு. வாயில குடியிருந்த நாப்பத்தேழுதான் அந்தப் பூட்டத் தொறக்கும். இப்ப வயசானவங்களுக்கு என்னமோ கொறயுதுன்னு தெரியும், என்னன்னு தெரியாது. ஒங்கள மாதிரி ஆளுகளுக்குக் கொறயுறதே தெரியாது. ருசி நிக்காததால கை தானா அடுத்ததுக்குப் போவுது. ஆறுல ஒரு பங்கு அதிகமாத் திங்குதோம். ஆனா யாரும் சாகல, அதனால யாருக்கும் அவசரமில்ல. வர்ற பிப்ரவரி கடைசியோட என் தேடல மூடப் போறாவ."

சேவியோவின் காதில் கடைசிப் பாதி விழவில்லை. "அப்ப அடுப்பு மேல தப்பில்லியா?"

"எந்த அடுப்பு?"

"மூணு அடுப்பு மாத்திட்டேன் மேடம்!"

டாக்டர் சிரித்துவிட்டார். சேவியோவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பத்து வருடமாகத் தினமும் ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் பண்டத்தின் பாதி ருசியைத் தான் ஒருமுறைகூட அறிந்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதுக்கும் கேசட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"செத்த கிருமியத் திருப்பிச் செய்யணும்னா அதோட மரபெழுத்து, அதான் டி.என்.ஏ., முழுசா வேணும். பழைய வாய் ஈரம் எங்க மிச்சமிருக்குன்னு பாத்தோம். விசில் பாத்தோம், மவுத் ஆர்கன் பாத்தோம், நாதஸ்வரச் சீவாளி பாத்தோம். எல்லாத்தையும் கழுவிருக்காவ, இல்லன்னா காத்துலயும் வெயில்லயும் அழிஞ்சிருக்கு. கேசட் மட்டுந்தான் வேற மாதிரி. ஊதின மறுநொடி பெட்டிக்குள்ள அடைச்சிருவாவ. வெளிச்சம் கெடையாது, கை படாது, தங்கம் துருப்பிடிக்காது. ஆனா எந்த ஊருக்குப் போனாலும் ஒங்கள மாதிரி ஒரு சங்கம் முந்திக்கிடுது. தொடைச்சு வச்சிருதாவ."

சேவியோ மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தொடைச்ச பஞ்சு இருந்தா ஆவுமா மேடம்?"

"என்னது?"

"ஸ்பிரிட்ல நனைச்சுத் தொடைச்ச பஞ்சு. ஸ்பிரிட் பட்டா எல்லாம் செத்துப்போயிருக்கும்லா?"

"கிருமி சாவும். எழுத்து சாவாது. ஸ்பிரிட் பட்டது இன்னும் நல்லது, பூசணம் புடிக்காது." டாக்டர் எழுந்து நின்றார். "ஏன் கேக்குதிய?"

மாடியில் மூன்று பைண்டர்களையும் சேவியோ மேசைமேல் வைத்தார். டாக்டர் முதல் பக்கத்தைத் திறந்தார். பழுப்பேறிய ஒரு குச்சி. பக்கத்தில் சேவியோவின் கையெழுத்து: 'எண் 1. டாங்கிப் போர். மதிப்பெண் 4. ரொட்ரிகோ 5 கேட்டார், மறுக்கப்பட்டது.' அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். முந்நூற்று எண்பத்தாறு பிள்ளைகளின் வாய் ஈரம், எண் போட்டு, தேதி போட்டு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி ஒரு கிறுக்குத்தனத்த நான் பாத்ததே இல்ல," என்றார். அதைவிடப் பெரிய பாராட்டைச் சங்கம் அதுவரை பெற்றதில்லை.

பிப்ரவரி 9ஆம் தேதி டாக்டர் மறுபடி வந்தார். பெரும்பாலான குச்சிகளில் நாற்பத்தேழின் துண்டு துக்காணிதான் கிடைத்திருந்தது. ஒரே ஒரு குச்சியில் முழுதாக இருப்பதாகத் தெரிந்தது. எண் 386.

"அப்ப வேல முடிஞ்சுதா?"

"இனிமேத்தான் ஆரம்பம். மூச்சும் எச்சிலும் ஊதின ஆளுக்குச் சொந்தம், அதான் சட்டம். அவ்வோ கையெழுத்துப் போடாம முழுசாத் தொறக்கக் கூடாது. மேலோட்டமா எத்தன பேரு, ஆணா பொண்ணா, எந்த வயசுன்னு மட்டும் பாக்கலாம். அது வரைக்கும் பாத்தாச்சு."

"பெஸ்கி அங்கிள் இப்பவே போடுவாரு. ரெண்டு கையாலயும் போடுவாரு."

"அங்கதான் சிக்கல். குச்சில ரெண்டு பேரு இருக்காவ. ஒம்பது பத்து வயசுப் பையன் ஒருத்தன், அவன் மூச்சு பத்துல ஒரு பங்குதான். மீதி பூரா ஒரு பொம்பளப்பிள்ள. பதினொண்ணு, பன்னெண்டு வயசு. நாப்பத்தேழு இருக்கது அந்தப் பிள்ள மூச்சுல."

சேவியோவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. பெஸ்கிக்கு ஓர் அக்காள் உண்டு. மூன்று தெரு தள்ளி இருக்கும் வக்கீல் இக்னேஷியா வாஸ். வயது 78, இன்னும் நோட்டரி வேலை பார்க்கிறார்.

"மொதல்ல அவ்வோகிட்ட போவோம்," என்றார் சேவியோ. "அங்கிள்ட்ட வேண்டாம். அந்த ஆட்டத்த முடிச்சது தாந்தான்னு அவரு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியாரு. இந்தக் கணக்கப் பாத்தா மனசு ஒடிஞ்சிரும்."

இக்னேஷியாவின் முன்னறை முழுக்கக் கோப்புகள். அவர் சம்மதப் பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். இரண்டு இடத்தில் பேனாவால் திருத்தினார். பிறகு மூடி வைத்தார்.

"நான் அந்தக் கேசட்டத் தொட்டேங்கதுக்கு சாட்சி இருக்கா?"

"அது... குச்சில ஒரு பொம்பளப்பிள்ள மூச்சு இருக்கு ஆன்ட்டி," என்றார் சேவியோ.

"எங்க தெருவுல பதினேழு பொம்பளப்பிள்ளைய இருந்துச்சு. அடுத்து?"

"இது எல்லாருக்கும் நல்லது பண்ற விஷயம்," என்றார் டாக்டர். "காப்பி ருசிகூட பழையபடி..."

"காப்பியப் பத்தி எங்கிட்ட பேசாதிய. முப்பது வருஷமா நான் கருப்பா ஒரு வெந்நியத்தான் குடிக்கேன்." குரல் சற்று இறங்கியது. "ஆனா தொடாதத தொட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. நான் நோட்டரி."

சேவியோ பையில் பெட்டியும் கேசட்டும் கொண்டுவந்திருந்தார். பத்திரத்தில் சொல்லியிருக்கும் பொருளைக் காட்டவேண்டும் என்பதற்காகத்தான். அவர் எந்தத் தந்திரமும் நினைத்து வந்தவர் அல்ல. சுவர்த்திரையில் இணைத்து, "இதுதான் ஆன்ட்டி அந்த ஆட்டம்," என்று ஆடிக்காட்ட ஆரம்பித்தார்.

தோணியின் விளிம்பில் ஒரு சிறு உருவம். இடுப்பில் கயிறு. பொத்தானை அழுத்தினால் கடலுக்குள் குதிக்கும். மேலே பத்துக் காற்றுக்குமிழிகள், ஒவ்வொன்றாகக் குறையும். அவை தீருமுன் சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். முதல் மட்டம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது மட்டத்தில் வழக்கம்போல் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டு, குமிழிகள் குறைய, சேவியோ கயிற்றை நோக்கி மேலே நீந்தினார்.

"மேல வராத!"

சேவியோ திரும்பிப் பார்க்கவில்லை. "மூச்சு முடியுது ஆன்ட்டி!"

"முடியட்டும்வே! கடைசிக் குமிழி இருக்கும்போது பாறைக்குப் பின்னால போ. அங்க ஒரு குடம் கெடக்கும், கவுந்து. அதுக்குள்ள காத்து இருக்கு. எடது, எடது! சுறா வருது, நில்லு... ஏ, என்னய்யா இப்படி ஆடுத! குடு இங்க!"

கட்டுப்பாட்டுப் பிடி கைமாறியது. பாறைக்குப் பின்னால் ஒரு குடம் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் காற்று இருந்தது. டாக்டர் சண்முகக்கனி கோப்புகளைத் தள்ளிவைத்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பிடி இருபத்தைந்து நிமிடம் இக்னேஷியாவின் கையிலேயே இருந்தது. அவர் ஜெல்லிமீன்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது மட்டத்தின் கடைசியில் ஒரு பெரிய சிப்பி திறந்து, திரை முழுவதும் ஒரு வெண்முத்து நிறைந்தது.

"சாட்சி கெடச்சிட்டு," என்றார் இக்னேஷியா, பிடியைக் கீழே வைத்து.

பிறகு சொன்னார். அப்போது அவருக்குப் பதினொரு வயது. கேசட் தம்பிக்கு வந்தது. பொம்பளப் பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தம்பி சாயங்காலம் கோயில் பாடகர் குழுவுக்குப் போவான். அம்மா கடைக்குப் போவார். நாற்பது நிமிடம் கிடைக்கும்.

"அந்தப் பாழாப்போன பெட்டி மொத தடவ போட்டா வராது. நாப்பது நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் ஊதுறதுலயே போயிரும். அவசரம் எனக்குத்தான? அவனுக்கு என்ன, வரலன்னா நாளைக்கு ஆடுவான். நான் நெஞ்சு வலிக்க ஊதுவேன்."

"முடிச்சது என்னிக்கு?" என்றார் டாக்டர்.

"தெரியாது. கேட் சத்தம் கேட்டுச்சு, அப்படியே போட்டுட்டு அடுக்களைக்கு ஓடிட்டேன். அவன் வந்தான், சிப்பி தெறந்திருக்கதப் பாத்தான். தான் முடிச்சிட்டதாச் சொல்லித் தெருவையே கூட்டிட்டு வந்துட்டான். நான் என்னத்தச் சொல்ல? சொன்னா கேசட்டப் பூட்டி வச்சிருவாவ. அப்புறம் அவனே அத நம்ப ஆரம்பிச்சிட்டான். அவன் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழன் எந்திரிச்சு அதச் சொல்லித்தான் டோஸ்ட் பண்ணான்." அவர் பத்திரத்தைத் தடவினார். "அவன் பெரிய உத்தியோகம் பாக்கல. பெரிசா எதுவும் செய்யல. அவனுக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். அவனுக்குத் தெரியாம நான் மட்டும் கையெழுத்துப் போட வழியுண்டா?"

"இல்ல," என்றார் டாக்டர். "ஒரே குச்சில ரெண்டு பேரு இருந்தா ஒரே தாள்ல ரெண்டு பேரும் போடணும். யார் மூச்சு எவ்வளவுன்னும் அதுல இருக்கும்."

"அது சரியான சட்டந்தான்," என்றார் இக்னேஷியா, வக்கீலாக. அக்காளாக யோசிக்க நேரம் கேட்டார்.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. சேவியோ தினமும் ஒரு மக்ரூனைத் தின்று, விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். எதுவும் மேலே ஏறி வரவில்லை. இக்னேஷியாவுக்கு அவர் போன் செய்யவில்லை. செய்ய நினைத்து, நம்பர்வரை போய், வைத்துவிட்ட நாள்கள் நான்கு.

பிப்ரவரி 29, ஞாயிறு. தேடலுக்குக் கடைசி நாள். டாக்டர் மதுரையிலிருந்து காலையிலேயே வந்து மாடியில் உட்கார்ந்திருந்தார். அன்று சங்கத்தில் யாரும் எந்தக் கேசட்டையும் துடைக்கவில்லை. நான்கு மணிக்குப் படிக்கட்டில் பெஸ்கியின் குரல் கேட்டது.

"எதுக்குக்கா என்னய இழுத்துட்டு வார? என் மூச்சு நாட்டுக்கு வேணும்னு கேட்டா நான் வரமாட்டேன்னா சொன்னேன்?"

"ஏறு," என்றார் இக்னேஷியா.

பெஸ்கி உட்கார்ந்தார். பத்திரம் முன்னால் வைக்கப்பட்டது. பேனாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடும்போது கண் மேலே போனது. உதடு அசையப் படித்தார்.

"இது என்னக்கா, ஒம் பேரு இருக்கு?"

"படி."

"பத்துல ஒம்பது... ஒனக்கா?"

"படிலே."

அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். எட்டுப் பேர் மூச்சுவிடவில்லை. ரொட்ரிகோ சுவரில் இருந்த 'ஊதாதே'யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெஸ்கி," என்றார் இக்னேஷியா. "மூணாவது மட்டத்துல பாறைக்குப் பின்னால ஒரு குடம் இருக்கு. அதுக்குள்ள காத்து..."

"அப்ப கிங்ஸ்லி இல்லியா?"

யாருக்கும் புரியவில்லை. "எந்தக் கிங்ஸ்லி?" என்றார் அக்காள்.

"பக்கத்து வீட்டு கிங்ஸ்லி கோமஸ்! அவன்தான் சொவரேறிக் குதிச்சு வந்து முடிச்சிட்டுப் போயிட்டான்னுல்லா நெனச்சேன்!"

"அப்ப நீ முடிக்கலன்னு ஒனக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியாம பின்ன யாருக்குத் தெரியும்? மூணாவது மட்டத்த நான் தாண்டினதே இல்ல." பெஸ்கியின் முகம் சிவந்துவிட்டது. "ஒரு தடவ வாய் தவறிச் சொல்லிட்டேன். மறுநாளு பள்ளிக்கூடத்துல எல்லாரும் கை குடுத்தானுவ. திருப்பிச் சொல்ல முடியல. கிங்ஸ்லி மட்டும் என்னயப் பாத்து சிரிச்சான். இவனுக்குத் தெரியும், இவன் வாயத் தொறந்தா மானம் போச்சுன்னு அன்னைக்கோட பேச்ச நிப்பாட்டினேன். அறுவத்தேழு வருஷம்! அவன் தெருவுல வந்தா நான் அடுத்த தெருவுல போவேன். அவன் கல்யாணத்துக்குக்கூடப் போகல."

இக்னேஷியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அடப் பாவி! அவன் எத்தன தடவ எங்கிட்ட வந்து கேட்டிருக்கான் தெரியுமா? பெஸ்கி ஏன் என்கூட பேசமாட்டேங்கான், நான் என்ன தப்பு செஞ்சேன்னு!"

"அவன் சிரிச்சானே?"

"அவன் எல்லாத்துக்கும் சிரிப்பாம்லே! அவன் மூஞ்சியே அப்படித்தான்!"

முதலில் சிரித்தது ரொட்ரிகோ. பிறகு டாக்டர். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்லத் தெரியாத அளவுக்கு மாடி அதிர்ந்தது. பெஸ்கியும் சிரித்தார், கண்ணில் நீர் வர. ஒரு பெரிய சாமானை நெடுந்தூரம் தூக்கிவந்து இறக்கியவர்போல் தோளை இரண்டு முறை உருட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். இக்னேஷியா அதன் கீழ் தன் பெயரை முழுதாக எழுதி, தேதி போட்டார். மணி நான்கு இருபது.

"சேவியோ," என்றார் பெஸ்கி எழுந்து. "அரைக் கிலோ மக்ரூன் கட்டு."

"எங்க அங்கிள் கெளம்பிட்டிய?"

"சொவரேறிக் குதிக்கப் போறேன்."

நாற்பத்தேழின் எழுத்து ஏப்ரலில் முழுதாகப் படிக்கப்பட்டது. அதை உயிராக்கி, பல்லைக் கெடுக்காது என்று உறுதிசெய்து, அனுமதி வாங்க ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது. முதலில் சோதித்துப் பார்க்க முன்வந்த அறுபது பேரில் ஊதாதோர் சங்கத்தின் எட்டுப் பேரும் இக்னேஷியாவும் இருந்தார்கள். 2061 செப்டம்பர் 1ஆம் தேதி நாக்கில் ஒரு சொட்டு விட்டார்கள். குடியேற மூன்று வாரம் ஆகும் என்றார் டாக்டர்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, அடுப்பிலிருந்து இறக்கிய முதல் தட்டிலிருந்து சேவியோ ஒரு மக்ரூன் எடுத்தார். கடித்தார், கரைந்தது, விழுங்கினார். வழக்கம்போலக் கண்ணை மூடினார். எப்போதும்போல ருசி முடிந்தது. பிறகு முடியவில்லை. தொண்டையின் பின்புறத்திலிருந்து ஒன்று மேலே ஏறியது. வறுத்த முந்திரியின் வாசம், அதற்குப் பின்னால் வெண்ணெய்போல இன்னொன்று, அதற்கும் பின்னால் பெயர் தெரியாத ஒன்று. அது நின்றது. கடைக்கு வந்த ஒரு பெண் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "சீனி ஜாஸ்தி" என்பது. நிற்காத ருசியை ஈடுகட்டப் பத்து வருடமாகத் தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைக் கூட்டி வந்திருப்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். மறுநாள் தட்டில் சர்க்கரை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பழைய அடுப்புகளில் ஒன்றைத் திரும்ப மாட்டினார்; அதுதான் நன்றாக இருந்தது. இக்னேஷியா தன் வீட்டிலிருந்து போன் செய்து, காப்பி குடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வேறு விஷயம் எதுவும் இல்லை. ஆனால் வைக்கவும் இல்லை. மறுமுனையில் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

2061 அக்டோபர் 2, ஞாயிறு மாலை, ஊதாதோர் சங்கத்தின் மாடியில் முத்துக்குளிக்கும் ஆட்டத்தில் போட்டி நடந்தது. டாக்டர் சண்முகக்கனி நடுவராக இருந்தார். இக்னேஷியா வாஸ் 41,300 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்றார். பெஸ்கி வாஸ் மூன்றாவது மட்டத்தைத் தாண்டி 17,250 எடுத்தார். கிங்ஸ்லி கோமஸ் முதல் மட்டத்தில் 200 எடுத்தார். ஆட்டத்துக்கு முன் அவர் கேசட்டை வெளியே எடுத்து ஊதியதால், சங்க விதிப்படி 500 புள்ளிகள் குறைக்கப்பட்டன.